லைன் எத்தனை முறை விழும், விழுந்தால் எவ்வளவு போகும்: மின்தொடரமைப்புத் திட்டமிடலில் நிகழ்தகவைக் கையாள ஒரு வழிகாட்டி

ஓர் ஊருக்கு இரண்டு 110 கிலோவோல்ட் லைன்கள் போகின்றன. ஒவ்வொன்றும் 80 மெகாவாட் தாங்கும். ஊரின் உச்சத் தேவை 100 மெகாவாட். ஒரு லைன் போய்விட்டால் மிச்சமிருக்கும் லைனால் ஊரைத் தாங்க முடியாது. திட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பொறியாளரிடம் இதைக் கொடுத்தால், "என் மைனஸ் ஒன் தேறவில்லை, லைனை வலுப்படுத்த வேண்டும்" என்பார். தவறான பதில் இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் சில கேள்விகள் அப்படியே நிற்கும். ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் இப்படி ஆகும்? அப்படி ஆகும்போது எவ்வளவு மின்சாரம் கொடுக்க முடியாமல் போகும்? கையில் பணம் குறைவாக இருக்கிறது, முதலில் இதைச் செய்வதா, வேறொன்றைச் செய்வதா?

இவற்றுக்குப் பதில் சொல்லத்தான் நிகழ்தகவு முறை. இந்த ஒரே ஊரை வைத்துக்கொண்டு ஆரம்பம் முதல் கடைசி வரை கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஊரும் எண்களும் பயிற்சிக்காக நான் எடுத்துக்கொண்டவை. கால்குலேட்டர் ஒன்று இருந்தால் போதும், கூடவே போட்டுப் பாருங்கள்.

பழைய விதி எதைப் பார்ப்பதில்லை

என் மைனஸ் ஒன் என்பது எளிய விதி. கட்டமைப்பில் ஏதாவது ஓர் உறுப்பு, ஒரு லைனோ ஒரு டிரான்ஸ்பார்மரோ, போனாலும் மற்றவை அளவு மீறாமல் சுமையைத் தாங்க வேண்டும். இந்தியாவில் மத்திய மின்சார ஆணையத்தின் மின்தொடரமைப்புத் திட்டமிடல் கையேடு இதை அடிப்படையாகக் கொண்டதுதான். உலகத்தில் பெரும்பாலான நாடுகளிலும் இதுவே நடைமுறை. நல்ல விதி. அதைத் தூக்கி எறியச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம்.

அதன் குறை, எல்லாப் பழுதையும் ஒரே தராசில் போடுவது. நகரத்துக்குள் ஓடும் 5 கிலோமீட்டர் லைனும், புயல் அடிக்கும் கடலோரத்தில் 200 கிலோமீட்டர் ஓடும் லைனும் அதற்கு ஒன்றே. ஆண்டுக்கு 2 மணி நேரம் அளவு மீறுவதும் 800 மணி நேரம் மீறுவதும் ஒன்றே. இரண்டு சர்க்யூட் (தனித்தனி மின்பாதைகள், நம் ஊரின் இரண்டு லைன்களைப் போல) சேர்ந்து போவதை அந்த விதியின் அடிப்படை வடிவம் பார்ப்பதே இல்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இதனால்தான் வேறு வழியில் போகிறார்கள். மின்சாரம் கிடைக்காமல் போவதால் நுகர்வோருக்கு ஏற்படும் இழப்பைப் பணமாக மாற்றி, அது புதிய லைனின் செலவைத் தாண்டும்போதுதான் லைன் போடுகிறார்கள். நியூசிலாந்து விதித்தொகுப்பில் கிடைக்காமல் போகும் ஒரு மெகாவாட்-மணிக்கு 20,000 நியூசிலாந்து டாலர் என்று மதிப்பே எழுதி வைத்தார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவும் இந்த முறையில் நெடுநாள் அனுபவம் உள்ள இடம்.

இந்தியாவில் உற்பத்தித் திட்டமிடல் பக்கம் நிகழ்தகவு ஏற்கெனவே வந்துவிட்டது. மின்சாரம் போதாமல் போகும் நிகழ்தகவு 0.2 சதவீதத்துக்குள், கொடுக்க முடியாத மின்சாரம் 0.05 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு. ஆண்டின் 8,760 மணியில் 0.2 சதவீதம் என்றால் ஏறக்குறைய பதினேழரை மணி நேரம். மின்தொடரமைப்புப் பக்கம் என் மைனஸ் ஒன்தான் இன்னும் ஆட்சி செய்கிறது. ஆகவே நம் நாட்டில் இந்த முறையால் முதலில் கிடைக்கும் பயன் இரண்டு: எந்த வேலை முதலில், எந்த ஆண்டில்.

முதல் வேலை: பதிவேடு

நேரம் அதிகம் பிடிப்பது இதற்குத்தான். சூத்திரத்தை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம், பழுதுப் பதிவுகளைச் சுத்தம் செய்ய மாதங்கள் ஆகும். அதில் சலிப்படையாதீர்கள்.

ஒவ்வொரு லைனுக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் இரண்டு எண்கள் வேண்டும். ஆண்டுக்கு எத்தனை முறை பழுதாகிறது என்பது ஒன்று, ஒரு முறை பழுதானால் சரிசெய்ய எத்தனை மணி ஆகிறது என்பது இன்னொன்று. லைனுக்கு முதல் எண்ணை 100 கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு இத்தனை என்று எடுப்பது வழக்கம். லைனைத் துண்டிக்கும் பிரேக்கர், மின்னோட்டத்தை அளக்கும் சி.டி., லைனைப் பிரித்து வைக்கும் ஐசொலேட்டர் போன்ற முனைக் கருவிகளின் பழுதுக்கும் லைனின் நீளத்துக்கும் சம்பந்தம் இல்லை. அவற்றைத் தனியாக வையுங்கள்.

இடி மின்னலில் ட்ரிப் ஆகி (துண்டிக்கப்பட்டு), தானாக மறுபடி இணைக்கும் ஆட்டோ ரீகுளோசில் ஒரு நொடிக்குள் திரும்ப ஏறிய லைனைப் பழுதுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதைத் தனிப் பட்டியலில் போடுங்கள். பராமரிப்புக்காக எடுத்த எல்.சி.யையும் (வேலை செய்ய லைனை நிறுத்திவைக்கும் அனுமதி) தனியாக எழுதுங்கள், ஆனால் மறந்துவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். டிரான்ஸ்பார்மர் அபூர்வமாகத்தான் எரியும், எரிந்தால் மாற்ற மாதக்கணக்கில் ஆகும். அதன் விகிதத்தை லைனின் விகிதத்தோடு சேர்த்து சராசரி போட்டால் இரண்டுமே பொய்யாகிவிடும்.

பத்து ஆண்டில் ஒரு முறைகூடப் பழுதாகாத உறுப்புக்கு விகிதம் பூஜ்யம் என்று போடுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. நானும் செய்திருக்கிறேன். பத்து ஆண்டு சும்மா இருந்தது என்பதற்கு, உண்மை விகிதம் ஆண்டுக்கு 0.3க்குள் இருக்கலாம் என்று மட்டுமே பொருள். கவனித்த ஆண்டுகளால் 3ஐ வகுத்தால் 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடிய மேல் எல்லை கிடைக்கும். அதே வகையைச் சேர்ந்த, அதே வயதுள்ள உறுப்புகளை ஒன்றாகத் திரட்டினால் எண் இன்னும் இறுகும்: 20 டிரான்ஸ்பார்மர் பத்து ஆண்டு ஓடினால் அது 200 டிரான்ஸ்பார்மர்-ஆண்டு அனுபவம்.

பதிவேட்டில் பூஜ்யம் இருந்தால் பழுதைக் கண்டு லைனைத் துண்டிக்கவைக்கும் கருவியான ரிலேயின் பதிவையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். ஒரு துணைமின் நிலையத்தில் மூன்று ஆண்டுக்கு ஒரு ட்ரிப்கூட இல்லை என்று படிவம் வந்தது. ரிலேயின் நினைவகத்திலோ ஒன்பது இருந்தன. படிவத்தில் எழுதுகிறவர் மாற்றலாகிப் போயிருந்தார், அவ்வளவுதான்.

கணக்குக்கு வருவோம்

நம் ஊரின் ஒவ்வொரு லைனும் ஆண்டுக்கு 2 முறை பழுதாகிறது, சரிசெய்ய 10 மணி நேரம் பிடிக்கிறது என்று வைப்போம். ஆண்டுக்கு 20 மணி. 8,760ஆல் வகுத்தால் 0.00228. இதுதான் அந்த லைன் எந்தக் கணத்திலும் இல்லாமல் இருக்கும் நிகழ்தகவு.

இரண்டில் ஒன்று மட்டும் இல்லாதிருக்கும் நேரம்: 2 × 0.00228 × 0.99772 × 8,760. விடை 39.85 மணி. இரண்டுமே இல்லாதிருக்கும் நேரம்: 0.00228 × 0.00228 × 8,760. விடை 0.0455 மணி, அதாவது ஆண்டுக்கு 2.7 நிமிடம்.

அடுத்தது சுமை. 8,760 மணிக்குமான சுமை கையில் இருந்தால் அதையே எடுங்கள். இங்கே மூன்று படிகளாகச் சுருக்குகிறேன்: ஆண்டின் 10 சதவீத நேரம் 100 மெகாவாட், 50 சதவீத நேரம் 70, மீதி 40 சதவீத நேரம் 45. சராசரி 63 மெகாவாட்.

ஒரு லைன் இல்லாதபோது 80 மெகாவாட்தான் வரும். 100 மெகாவாட் நேரத்தில் மட்டும் 20 குறையும். 39.85 மணியில் பத்தில் ஒரு பங்கு 3.985 மணி, அதை 20ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு சுமார் 80 மெகாவாட்-மணி. இரண்டும் இல்லாதபோது முழுச் சுமையும் போகும்: 0.0455 × 63, ஏறக்குறைய 3. மொத்தம் 83 மெகாவாட்-மணி. இந்த எண்ணுக்கு 'எதிர்பார்க்கப்படும் வழங்கப்படாத மின்சாரம்' என்று பெயர். ஆண்டுக்கு எத்தனை மணி பற்றாக்குறை இருக்கும் என்பது இன்னோர் அளவு, அது இங்கே சுமார் 4 மணி. முடிவெடுக்க எனக்கு முதல் அளவுதான் பிடிக்கும். ஒரு மெகாவாட் குறைந்ததையும் ஊரே இருண்டதையும் இரண்டாவது அளவால் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த 83 தவறான எண். பெருக்கலில் பிழை இல்லை, அடிப்படையில்தான் பிழை.

இரண்டு லைன், ஒரே டவர்

இரண்டு நிகழ்தகவுகளைப் பெருக்கியபோது, ஒரு லைன் போவதற்கும் மற்றது போவதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லாமல் சொல்லிவிட்டோம். நம் ஊர்ப்பக்கம் இரண்டு சர்க்யூட்டும் பெரும்பாலும் ஒரே டவரின் இரண்டு கைகளில்தான் தொங்கும். நிலம் கிடைப்பது கஷ்டம் என்பதால் அப்படித்தான் போட முடியும். டவர் விழுந்தால் இரண்டும் சேர்ந்துதான் விழும்.

25 ஆண்டுக்கு ஒரு முறை ஒரு டவர் சாய்கிறது, மறுபடி நிறுத்த 5 நாள் ஆகிறது என்று வைப்போம். ஆண்டுக்கு 0.04 முறை, தடவைக்கு 120 மணி, ஆகச் சராசரி 4.8 மணி. மேலே பெருக்கிக் கண்ட 2.7 நிமிடத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல். 4.8 × 63 = 302 மெகாவாட்-மணி. முன்னிருந்த 83ஐச் சேர்த்தால் மொத்தம் 385. ஊருக்கு வரும் ஆபத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல், என் மைனஸ் ஒன் பார்க்காத ஒரே காரணத்திலிருந்து வருகிறது. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் பத்தியை வைத்துக்கொள்ளுங்கள்.

டவர் விழாமலேயே இது நடக்கும். பழுதுகள் ஆண்டு முழுக்கச் சீராகப் பரவி வருவதில்லை, கோடைமழையிலும் புயலிலும் கூட்டமாக வருகின்றன. நம் லைனின் 2 பழுதில் ஒன்று, ஆண்டில் 200 மணி நேரமே இருக்கும் மோசமான வானிலையில் வருகிறது என்று வையுங்கள். அந்த 200 மணிக்குள் லைன் இல்லாதிருக்கும் நிகழ்தகவு 10 / 200, அதாவது 0.05. இரண்டும் இல்லாதிருப்பது 0.0025 × 200 = அரை மணி. 2.7 நிமிடம் 30 நிமிடமாகிவிட்டது, ஒரு டவரும் சாயவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. அந்தக் கம்பங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் காரணத்தால் விழுந்தன என்று எடுத்துக்கொண்டு யாராவது கணக்குப் போடுவார்களா? லைன் விஷயத்தில் மட்டும் அப்படிப் போட்டுவிடுகிறோம்.

இன்னொரு வகைப் பிணைப்பு, பாதுகாப்பு ரிலேயும் பராமரிப்பும். 2012 ஜூலை 30, 31 நாட்களில் நடந்த பெரும் மின்தடையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அதிகாலை 2:33க்கு வடக்கு மண்டலம் விழுந்தது. மறுநாள் மதியம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி. இரண்டு நாளும் முக்கியமான ஆரம்பம் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைன். அதன் ஜோடி சர்க்யூட், தரம் உயர்த்தும் வேலைக்காக ஏற்கெனவே வெளியே எடுக்கப்பட்டிருந்தது. மிச்சமிருந்த சர்க்யூட்டில் பழுது ஏதும் இல்லை. சுமை கூடிப்போனதைத் தொலைதூரப் பழுது என்று எண்ணி, பழுது எவ்வளவு தொலைவில் என்று கணிக்கும் தூர ரிலே, தன் கண்காணிப்பின் தொலைதூர எல்லையில் (இதை மூன்றாம் ஸோன் என்பார்கள்) அதைத் துண்டித்தது. எல்.சி.யை மறக்காதீர்கள் என்று முன்னே சொன்னதன் காரணம் இதுதான். திட்டமிட்டு எடுத்த லைனும் இல்லாத லைன்தான். தெற்கு மண்டலம் அப்போது மற்றவற்றோடு நேர்மின்னோட்ட (டி.சி.) இணைப்புகளால் மட்டுமே சேர்ந்திருந்ததால் அந்தச் சரிவு இங்கே வரவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் லைனால் நாமும் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்துவிட்டோம். இப்போது நம் கணக்கு வடக்கையும் பார்த்தாக வேண்டும்.

பணமாக்கி, வழிகளை ஒப்பிடுவது

கிடைக்காமல் போகும் ஒரு யூனிட்டுக்கு என்ன மதிப்பு? மின்கட்டணத்தை வைக்காதீர்கள். நுகர்வோரின் இழப்பு கட்டணத்தைப் போலப் பல மடங்கு. தொழிற்சாலை, மருத்துவமனை, வீடு, பம்ப்செட் எல்லாவற்றுக்கும் வேறு வேறு எண் வரும். பயிற்சிக்கு யூனிட்டுக்கு 100 ரூபாய் என்று வைக்கிறேன். 385 மெகாவாட்-மணி என்றால் 3.85 லட்சம் யூனிட், ஆண்டுக்கு 3.85 கோடி ரூபாய் இழப்பு.

மூன்று வழிகள் இருக்கின்றன என்போம். மூலதனத்தில் 11 சதவீதத்தை ஆண்டுச் செலவாக எடுக்கிறேன்.

முதல் வழி, அதே டவரில் அதிக வெப்பம் தாங்கும் எச்.டி.எல்.எஸ். கம்பி மாட்டி ஒவ்வொரு லைனையும் 130 மெகாவாட் ஆக்குவது. 10 கோடி, ஆண்டுக்கு 1.1 கோடி. இதனால் மிச்சமாவது ஒற்றை லைன் பற்றாக்குறையான 80 மெகாவாட்-மணி மட்டும். மதிப்பு 80 லட்சம். கட்டுப்படியாகவில்லை. என் மைனஸ் ஒன் கேட்டது இதைத்தான்.

இரண்டாவது, வேறு வழித்தடத்தில் மூன்றாவது லைன். 40 கோடி, ஆண்டுக்கு 4.4 கோடி. 385இல் ஏறக்குறைய 375ஐ நீக்கிவிடும், மதிப்பு 3.75 கோடி. மிக அருமையான வழி, ஆனால் இன்றைக்குக் கொஞ்சம் கைக்கு எட்டவில்லை. யூனிட்டின் மதிப்பு 117 ரூபாயைத் தாண்டினால் கட்டுப்படியாகும். ஊரில் பெரிய மருத்துவமனை இருந்தால் இதை இன்னொரு தடவை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, அவசரத்துக்கு நிறுத்தும் தற்காலிக டவர்களை, ஈ.ஆர்.எஸ். என்பார்களே, அதையும் பயிற்சி பெற்ற ஆட்களையும் அருகில் வைத்திருப்பது. 5 நாள் 2 நாளாகிறது என்போம். 4 கோடி, ஆண்டுக்கு 44 லட்சம். மிச்சமாவது 0.04 × 72 × 63 = 181 மெகாவாட்-மணி, 1.81 கோடி ரூபாய். ஆண்டுச் செலவைப் போல நான்கு மடங்கு. அதே டவர்களை அக்கம்பக்கத்து லைன்களுக்கும் பயன்படுத்தலாம், அந்த லாபத்தை இங்கே சேர்க்கவே இல்லை.

ஆக முதலில் செய்ய வேண்டியது, விதிப் புத்தகத்தில் கண்ணுக்கே படாத வேலை. சரி, அப்போது கம்பி மாற்றுவது வேண்டாமா? உங்கள் ஒழுங்குமுறை விதி என் மைனஸ் ஒன்னைக் கட்டாயமாக்கினால் அதைச் செய்துதான் ஆக வேண்டும். கணக்கைக் காட்டி விதியை மீறலாம் என்று நான் சொல்ல வரவில்லை. வரிசையில் எது முன்னே என்பதற்குத்தான் கணக்கு.

வரிசை நாளோடு மாறும் என்பதையும் பாருங்கள். சுமை 20 சதவீதம் கூடியதும் மூன்று படிகளும் 120, 84, 54 ஆகின்றன. ஒரு லைன் போனால் இப்போது 10 சதவீத நேரம் 40 மெகாவாட்டும், 50 சதவீத நேரம் 4 மெகாவாட்டும் குறையும். சராசரி 6 மெகாவாட், 39.85 மணிக்கு 239 மெகாவாட்-மணி. சுமை ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது, இந்தப் பற்றாக்குறை மூன்று மடங்காகிவிட்டது. கம்பி மாற்றினால் 2.39 கோடி மிச்சம், செலவு அதே 1.1 கோடி. இப்போது கம்பியின் முறை வந்துவிட்டது. நிகழ்தகவுத் திட்டமிடல் கொடுக்கும் நல்ல பதில் எப்போதும் ஓர் ஆண்டோடு சேர்ந்தே வரும்.

பெரிய கட்டமைப்புக்குப் போகும்போது

இரண்டு லைனுக்குக் கையால் போடலாம். 200 லைன் உள்ள கட்டமைப்பில் ஒவ்வொன்றாக எடுத்தால் 200 நிலைகள், இரண்டிரண்டாக எடுத்தால் 19,900, மும்மூன்றாக எடுத்தால் 13,13,400. ஒவ்வொரு நிலைக்கும் சுமைப் பாய்வு (எந்த லைனில் எவ்வளவு மின்சாரம் ஓடும் என்ற கணக்கு) போட்டு, அளவு மீறினால் உற்பத்தியை மாற்றிப் பார்த்து, அதற்கும் சரிவராவிட்டால் குறைந்தபட்சம் எவ்வளவு சுமையை வெட்ட வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். முதல் சுற்றுக்கு டி.சி. சுமைப் பாய்வு எனப்படும் எளிமைப்படுத்திய கணக்கு போதும். மின்னழுத்தப் பிரச்சினை உள்ள பகுதிகளை மட்டும் அப்புறம் முழுமையாகப் பாருங்கள்.

லைன்கள் குறைவு, பழுதுகள் அபூர்வம் என்றால் இரண்டு லைன் சேர்ந்து போகும் நிலைகள் வரை பட்டியலிட்டு, டவர் விழுவது போன்ற பொதுக் காரணப் பழுதுகளைக் கையால் சேர்த்தால் போதும். வானிலை, காற்றாலை, பராமரிப்பு எல்லாம் பின்னிக்கிடந்தால் மாண்டி கார்லோ: கணினியைப் பகடை உருட்டவைத்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளை ஓட்டிப் பார்ப்பது. எத்தனை ஆண்டு ஓட்டுவது என்பதில் கவனம் வேண்டும். 25 ஆண்டுக்கு ஒன்று வரும் டவர் விபத்து, 1,000 ஆண்டு ஓட்டினால் சுமார் 40 முறைதான் வரும், பிழை 16 சதவீதம் அளவுக்கு இருக்கும். அதை 5 சதவீதமாக்க 10,000 ஆண்டு ஓட்ட வேண்டும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை மின்சாரத்தை வெளியே எடுக்கும் லைன்களுக்கு இதே கணக்கு வேறு முகத்தோடு வரும். மே முதல் செப்டம்பர் வரைதான் காற்று. அந்த மாதங்களில் லைன் போனால் ஊர் இருட்டாகாது, காற்றாலையை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். அங்கே அளக்க வேண்டியது எடுத்துக்கொள்ள முடியாமல் போன மின்சாரத்தை. பராமரிப்பைக் காற்று இல்லாத மாதங்களுக்குத் தள்ளுவதே பல சமயம் ஒரு லைனுக்குச் சமம்.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பைத்தானில் பாண்டாபவர், மேட்லேப் அல்லது ஆக்டேவ் தெரிந்தவர்களுக்கு மேட்பவர், இரண்டும் இலவசம். உங்கள் ஊர்க் கட்டமைப்பை ஏற்றும் முன் சோதனைக் கட்டமைப்பில் ஓட்டிப் பாருங்கள். ஆறு பஸ் (லைன்களும் ஜெனரேட்டர்களும் சேரும் முனை) கொண்ட பில்லிண்டன் சோதனைக் கட்டமைப்பில் 11 ஜெனரேட்டர், 240 மெகாவாட், உச்சத் தேவை 185. மின் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ. 1979இல் வெளியிட்டதில் 24 பஸ், 32 ஜெனரேட்டர், 3,405 மெகாவாட், உச்சம் 2,850. லைன்களை விட்டுவிட்டு உற்பத்தியை மட்டும் வைத்து மணிவாரிச் சுமையோடு கணக்கிட்டால், முதலாவதில் ஆண்டுக்கு 1.09 மணியும் இரண்டாவதில் 9.39 மணியும் பற்றாக்குறை வர வேண்டும். உங்கள் நிரல் 9.39ஐக் கொடுக்கும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். அந்த எண் முதல் தடவை திரையில் வரும்போது இருக்கும் சந்தோஷத்தை அனுபவித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோப்பில் எழுதும்போது

சராசரியை மட்டும் எழுதாதீர்கள். ஆண்டுக்கு 302 மெகாவாட்-மணி என்று படிக்கிறவருக்கு, அது உண்மையில் 24 ஆண்டு பூஜ்யமும் ஓர் ஆண்டு ஐந்து நாள் முழு இருட்டும் என்பது தெரியாது. அந்த ஐந்து நாளில் போவது 7,560 மெகாவாட்-மணி. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 'இருபத்தைந்து ஆண்டுக்கு ஒரு முறை' என்பதையும் விளக்கி எழுதுங்கள்: அடுத்த 25 ஆண்டில் ஒரு முறையாவது நடக்க 63 சதவீத வாய்ப்பு, நாளைக்கே நடக்கவும் தடையில்லை.

பிறகு, எந்த எண்ணில் எனக்குச் சந்தேகம், அது எவ்வளவு தவறினால் முடிவு மாறும் என்று ஒரு பத்தி. நம் கணக்கில் பலவீனமான எண் டவர் விழும் விகிதம். அதை 25க்குப் பதில் 100 ஆண்டுக்கு ஒன்று என்று வைத்தால் தற்காலிக டவர்களால் மிச்சமாவது 45 மெகாவாட்-மணி, 45 லட்சம் ரூபாய். செலவு 44 லட்சம். நான்கு மடங்கு தவறாகக் கணித்திருந்தாலும் முடிவு அப்படியே நிற்கிறது. மேலதிகாரி கேட்கும் முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

கையெழுத்துப் போடும் முன், லைன் பராமரிப்பு ஆட்களோடு ஒரு நாள் அந்த வழித்தடத்தில் நடந்து வாருங்கள். எந்த டவரின் கால் ஆற்றுப் படுகையில் நிற்கிறது, எதன் பக்கத்தில் மணல் அள்ளியிருக்கிறார்கள், எந்த ஸ்டப் (அடித்தளத்தில் பதித்த கால்துண்டு) துருப்பிடித்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். 0.04 என்று நீங்கள் எழுதிய எண்ணை அங்கேயே ஒரு தடவை திருத்த வேண்டி வரலாம்.